சிவப்புச் சட்டையின் முறை

இன்றைக்குச் சிவப்புச் சட்டை ரங்கம்மாவின் முறை.

சிவப்பு என்றால் கெட்டவள். முழங்கையால் இடிக்க வேண்டும், கூட்டத்திடம் திட்டு வாங்க வேண்டும், கடைசிச் சுற்றில் விழ வேண்டும். வெள்ளைச் சட்டைக்காரி ஜெயிப்பாள்.

அமெரிக்காவில் பெண்கள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு இப்படி இடித்து முட்டி ஓடுகிறார்களாம். பெங்களூர்க் கொட்டகையில், படத்துக்கு முன்னால் ஓடிய நியூஸ் ரீலில் முதலாளி அதைப் பார்த்தார். பார்த்ததோடு விட்டிருக்கலாம். வட்டமாகப் பலகை அடித்து, திருவிழாவுக்குத் திருவிழா வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைகிறார்.

விழுகிறவளுக்கும் உடம்புதானே. அதனால் ஓர் ஊரில் சிவப்பு போட்டவளுக்கு அடுத்த ஊரில் வெள்ளை. கிருஷ்ணகிரியில் சரசம்மா விழுந்தாள். அவள் தோள்பட்டை இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. ஓசூர்த் தேருக்கு வந்ததும் முறை மாறிவிட்டது.

போயும் போயும் ஓசூரிலா மாற வேண்டும்?

இன்றைக்குச் சம்பங்கி வருகிறாள். ரங்கம்மாவின் மகள். புருஷன் செத்த வருஷம், கைக்குழந்தையாகக் கெலவரப்பள்ளியில் அண்ணன் வீட்டில் விட்டது. இப்போது ஆறு வயது. கம்பெனி இந்தப் பக்கம் வருவதே இப்போதுதான். பிள்ளைக்கு அம்மாவின் முகம் தெரியாது. கிருஷ்ணகிரிக்கு வந்து ஆட்டம் பார்த்த அண்ணன், ஓசூருக்குக் கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

பெற்றவளை முதன்முதலாகப் பார்க்கிற பிள்ளை, அவள் மண்ணைக் கவ்வுவதையா பார்க்க வேண்டும்?

ரங்கம்மா தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். சரசம்மா யோசிக்கவே இல்லை.

"இன்னிக்கி நீயே கெலிச்சுக்கோக்கா. கடைசி சுத்துல நான் மெதுவா போறேன். மொதலாளி கத்துனா கத்தட்டும்."

மணி அடித்தார்கள். ஓடினார்கள்.

ஓசூரில் ஒரு வசதி, மூன்று பாஷையிலும் திட்டு கிடைக்கும். தமிழில் ஒருவன் அவள் வம்சத்தை இழுத்தான். தெலுங்கில் ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். கன்னடத்தில் வந்தது அவளுக்கு முழுதாகப் புரியவில்லை, புரியாததே நல்லது. முழங்கால் வலித்தது. வலிக்காத நாள் எது?

ஆண்கள் பக்கம் நின்ற அண்ணன், எதிரே பெண்கள் கூட்டத்தைக் கையால் காட்டினான். கயிற்றை ஒட்டிப் பச்சைப் பாவாடையில் ஒரு சிறுமி. செத்துப்போன மனுஷனின் அதே நெற்றி.

கடைசிச் சுற்று. சொன்னபடியே சரசம்மா வேகத்தைக் குறைத்தாள். நடுவில் ஒரு கை தூரம்தான். ரங்கம்மாவுக்கு முழங்கால் வலி மறந்துபோயிற்று.

"அம்மா! பின்னால வர்றா! வேகமா ஓடும்மா!"

சம்பங்கிதான் கத்தினாள். ரங்கம்மாவைப் பார்த்து அல்ல, சரசம்மாவைப் பார்த்து.

ரங்கம்மாவுக்கு விளங்கிவிட்டது. கிருஷ்ணகிரியில் அண்ணன் அவளைப் பார்த்தது வெள்ளைச் சட்டையில். வெள்ளைச் சட்டைதான் உங்கம்மா என்று பத்து நாளாகப் பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லிக் கூட்டிவந்திருக்கிறான். ஊருக்கு ஊர் முறை மாறும் என்பது கம்பெனி ஆட்களுக்குத்தானே தெரியும்.

இப்போது முந்தினால், சம்பங்கியின் அம்மா தோற்றுப்போவாள்.

ரங்கம்மா காலை மடக்கிக்கொண்டு விழுந்தாள். கூட்டம் விசிலடித்தது.

சம்பங்கி கயிற்றுக்குள் புகுந்து ஓடிவந்து சரசம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சரசம்மா திகைத்துப்போய் ரங்கம்மாவைப் பார்த்தாள். தூக்கிக்கொள் என்று ரங்கம்மா கையால் காட்டினாள்.

இடுப்பில் ஏறி உட்கார்ந்த பிள்ளை, பலகையில் கிடந்தவளைத் திரும்பிப் பார்த்தது.

"நல்லா வேணும் உனக்கு!"

மகள் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். குரல் மட்டும் கணீரென்று நன்றாக இருந்தது.

அந்தப் பக்கம், பிள்ளைக்கு உண்மையைச் சொல்லக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணன் பதறி வந்துகொண்டிருந்தான்.

மெதுவாக வா அண்ணா, என்று ரங்கம்மா கிடந்தபடியே நினைத்துக்கொண்டாள்.