நானூறு நாற்காலி

"இதுக்குப் பேர்தான்யா நாற்காலி!" என்று தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார் தர ஆய்வாளர். "உங்க கம்பெனி அனுப்பியிருக்கறது வேற என்னமோ."

வெளிநாட்டுக் கம்பெனியின் ஏஜென்ட் எதிரே நின்றார். அன்று காலைதான் கன்டெய்னரிலிருந்து இறங்கிய நானூறு ஆபீஸ் நாற்காலிகள் கிடங்கில் வரிசை கட்டி நின்றன. போன மாதம் வந்த நானூறையும் இதே மனிதர்தான் திருப்பி அனுப்பச் சொன்னார்.

இதுவும் போச்சென்றால் கம்பெனி ஏஜென்டைக் கை கழுவிவிடும். அப்புறம் மச்சான் கடையில் பில் போட வேண்டியதுதான். மச்சானோ, தன் தங்கையை இவருக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்தே அந்த நல்ல நாளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்.

ஆய்வாளருக்குக் கிடங்கில் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். பத்தொன்பது வருட சர்வீஸில் எந்தச் சரக்கையும் அவர் முதல் தடவையே பாஸ் போட்டதில்லை. போட்டுவிட்டால் தன் வேலைக்கு என்ன மரியாதை என்பது அவர் கட்சி.

எழுந்து போய் ஒரு நாற்காலியின் முதுகில் கோணமானியை வைத்தார். இன்னொன்றின் சக்கரத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். மூன்றாவதை முகர்ந்துகூடப் பார்த்தார். எதிலும் உட்கார்ந்து மட்டும் பார்க்கவில்லை. அதெல்லாம் காசு கொடுத்து வாங்குகிறவன் வேலை.

"சாய்மானம் விறைப்பா இருக்கு. ரிஜெக்ட்."

"சார், போன தடவை ரொம்ப சாயுதுன்னு சொன்னீங்க. அதனாலதான் நிமித்தி அனுப்பியிருக்காங்க."

"அதுக்காக? ஆபீஸ்ல வேலை பாக்கறவன் என்ன, அட்டென்ஷன்லயா உக்காருவான்?" பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்து, முதல் நாற்காலியின் கைப்பிடியில் சிவப்பாக ஒன்றை ஒட்டினார். அடுத்ததில் இன்னொன்று.

சத்தம் கேட்டுக் கிடங்கின் முதலாளியம்மா வந்துவிட்டார். "என்ன சார், மறுபடியுமா? நாளன்னிக்குக் காலைல, ஆர்டர் குடுத்த அந்தப் புது ஆபீஸ்ல நானூறு பேர் வந்து உக்காரணும். அவங்க போன் மேல போன் போடறாங்க. எல்லாரையும் தரையில உக்காரச் சொல்லட்டுமா?"

"நான் வேணும்னே பண்றேனா, மேடம்?" ஆய்வாளர் திரும்பி வந்து தன் நாற்காலியில் சாய்ந்தார். முதுகில் வெள்ளை டவல் போர்த்திய அந்த நாற்காலியை, அவர் போகிற இடமெல்லாம் ஸ்டோர்கீப்பர்தான் தூக்கிக்கொண்டு போய்ப் போட வேண்டும்.

"பன்னண்டு வருஷமா எனக்கு இடுப்பு வலி. பார்க்காத டாக்டர் இல்லை. பழைய நாற்காலி உடைஞ்சு போச்சுன்னு நம்ம ஸ்டோர்கீப்பர் இதைக் கொண்டுவந்து போட்டார். மூணே வாரம், வலி போன இடம் தெரியலை. தரம்னா இது!"

"சார், அது வந்து..." என்று ஆரம்பித்தார் ஸ்டோர்கீப்பர்.

"பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல, இருய்யா." கைப்பிடியில் ஏதோ விரலில் பிசுபிசுத்தது. ஆய்வாளர் முகம் சுளித்துக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். "உக்கார்ற இடத்தைக் கொஞ்சம் சுத்தமா வச்சுக்கக் கூடாதா?"

பிறகு ஏஜென்ட் பக்கம் திரும்பினார். "இதே மாதிரி நானூறு கொண்டா. கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"ரெண்டு நாள்ல நான் எங்க சார் போவேன்?" ஏஜென்டுக்கு அழுகையே வந்துவிட்டது. மச்சானின் கல்லாப்பெட்டி கண்ணுக்குள் வந்து நின்றது.

முதலாளியம்மா மட்டும் விடவில்லை. "வாயால சொன்னா ஆகாது சார். இந்த நாற்காலிதான் வேணும்னு எழுதிக் கொடுங்க. எங்க கிடைச்சாலும் நான் ஆள் அனுப்பி எடுத்துக்கறேன். அப்புறம் அது நொட்டை, இது சொத்தைன்னு பேச்சே வரக் கூடாது."

தன் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பா என்று ஆய்வாளருக்கு உச்சி குளிர்ந்துபோனது. 'நான் அமர்ந்திருக்கும் நாற்காலி எவ்விதக் குறையும் அற்றது. இதே சரக்கை மறு ஆய்வின்றி ஏற்றுக்கொள்ளலாம்' என்று மணிமணியாக எழுதினார். கையெழுத்துப் போட்டு, முத்திரையையும் ஓங்கிக் குத்தினார்.

முதலாளியம்மா தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்டோர்கீப்பரைப் பார்த்தார். "இப்ப சொல்லுங்க. இதை எந்தக் கடையில வாங்கினீங்க?"

ஸ்டோர்கீப்பர் தலையைச் சொறிந்தார். கிடங்கின் பின்கோடியில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த குவியலைக் காட்டினார்.

"கடையில வாங்கலீங்க மேடம். போன மாசம் சார் ரிஜெக்ட் பண்ணினதுல ஒண்ணு, ஸ்டிக்கரைக் கிழிச்சிட்டு எடுத்துப் போட்டேன்... மீதி முந்நூத்தித் தொண்ணூத்தொன்பதும் இன்னும் திருப்பி அனுப்பாம அங்கதான் இருக்கு!"