பலகை சொன்ன வழி

வண்டித் தடத்தில் ஒரு கோடு நேராகப் போயிருந்தது. இன்னொன்று நெளிந்து நெளிந்து.

அவன் நின்றுவிட்டான். பின்னால் வந்த சிப்பாய் மக்கார் அவன் முதுகில் வந்து மோதினான்.

சேறு. விடாத தூறல். மேற்கே, மாஸ்கோவைப் பிடிக்கக் கிளம்பிய ஜெர்மன் டாங்கிகளின் உறுமல்.

பின்வாங்கும் அவர்கள் ரயில் நிலையம் போய்ச் சேர வேண்டும். கடைசி ரயில் அங்கே சனங்களை அடைத்துக்கொண்டு காத்திருந்தது.

"என்னடா, தடத்தை மோந்து பாக்குறே?" என்றான் மக்கார். "உன் பலகையையும் ஒருத்தன் நம்பிப் போயிருக்கான். சந்தோஷப்படு!"

அவனுடைய வழிகாட்டிப் பலகைதான்.

முச்சந்தி. இடப்பக்கம் போனால் ரயில் நிலையம். வலப்பக்கம் சதுப்பு. அதில் மாடு இறங்கினால் கொம்புதான் மிஞ்சும். வண்டித் தடம் வலப்பக்கம் திரும்பியிருந்தது.

பலகையைச் சதுப்புப் பக்கம் திருப்பி வைத்தால் ஜெர்மன்காரன் டாங்கியோடு குளிக்கட்டுமே என்று காலையில் வாய் சும்மா இல்லாமல் சொல்லிவைத்தான். சிரிக்கவே தெரியாத கேப்டன் சிரித்துவிட்டார். சுத்தியலை அவன் கையிலேயே கொடுத்தார்.

போர் தொடங்கியதிலிருந்து அவன் செய்த ஒரே உருப்படியான காரியம். அதிலும் ஆணியைப் பாதிதான் அடித்தான். மீதி அப்புறம்.

அவனுக்கு எல்லாமே அப்புறம்தான்.

வீட்டு வண்டியின் பின்சக்கரம் பனி உருகிய நாளிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் பார்க்கலாம் என்றான். அவன் பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்று, இடுப்பில் பிள்ளையோடு வர்வாரா கேட்டாள்:

"ஜெர்மன்காரன் வர்றதுக்குள்ளயாவது அதச் சரி பண்ணுவியா?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவர்கள் ஊர் மேற்கே இருந்தது. நேற்று அது ஜெர்மன்காரன் கையில் விழுந்துவிட்டதாகக் கேள்வி.

ரஷ்யாவில் ஆடுகிற சக்கரம் ஒன்றுதானா? சோம்பேறிப் புருஷன் ஒருத்தன்தானா?

குனிந்து பார்த்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் சேற்றில் ஒரு சின்னக் குழி. சக்கரப் பட்டையில் ஆணி துருத்திக்கொண்டிருந்த இடம்.

வீட்டு வண்டியின் அந்த ஆணியையும் அவன் பாதிதான் அடித்திருந்தான்.

வர்வாரா பலகையை நம்புகிறவள். சந்தைக்குப் போனாலும் நின்று, எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுத்தான் நகர்வாள். வழி கேட்க வாயில்லையா என்று கேலி செய்வான். இன்றைக்கு வழி கேட்க இங்கே ஓர் ஆள் இல்லை. பக்கத்து ஊரைக் காலி செய்து சனங்களை அனுப்பியதும் இவர்கள்தான்.

உறுமல் நெருங்கியது.

பலகையைத் திரும்பச் சரியாக வைத்தால் டாங்கிகள் ரயிலுக்குப் போகும்.

வைக்காவிட்டால், அவள் பின்னாலேயே.

அவன் கம்பத்தடிக்குப் போனான். வந்தான். மறுபடி போனான். பலகை காற்றில் லொட லொடவென்று ஆடியது.

இடுப்பிலிருந்து சுத்தியலை உருவினான்.

கேப்டனின் கை துப்பாக்கி உறைக்குப் போனது.

அவன் அடித்தான். ஆணித்தலை மரத்துக்குள் புதையும்வரை அடித்தான். பலகையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். சதுப்பைக் காட்டியபடி அசையாமல் நின்றது.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை முடித்திருந்தான். பார்த்துச் சிரிக்க வேண்டியவள்தான் பக்கத்தில் இல்லை.

கேப்டன் சுத்தியலுக்காகக் கையை நீட்டினார்.

"இது எங்கிட்டயே இருக்கட்டுங்க. ஒரு சக்கரம் பாக்க வேண்டியிருக்கு."

கேப்டன் தடத்தைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, தேவைக்கு மேல் சத்தமாகக் கத்தினார்.

"என்ன வேடிக்கை? நடங்கடா!"

அவர்கள் இடப்பக்கம் போனார்கள்.

அவன் வலப்பக்கம் ஓடினான். பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு ஓடினான். நெளிந்த கோட்டின் மேலேயே, குழிக்குக் குழி.

பின்னால், முச்சந்தியில் உறுமல் நின்றது.

வாசிக்கிறார்கள்.