முள் இறங்குகிறது

"ஊட்ல எல்லாக் குழாயும் மூடியிருக்குதுங்களாக்கா?"

"மூடியிருக்குதுங்க தம்பி. நானே முறுக்கி மூடினேன்."

"அப்புறம் எப்படி மோட்டார் தானா ஓடுது?"

காரவள்ளியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கை விரட்டிக்கொண்டு மலையேறி வந்த மெக்கானிக் கதிர்வேல், கிணற்று மேட்டில் குந்தி, பிரஷர் டேங்கின் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். குழாயைத் திறந்தால் மோட்டார் ஓட வேண்டும். மூடினால் நிற்க வேண்டும். இதுவோ யாரும் திறக்காமலே ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

"முள் இறங்குது பாருங்க. எங்கியோ தண்ணி போகுதுங்க்கா."

எங்கே போகிறது என்பது கலைமணிக்குத் தெரியும். தெரியும் என்றுதான் இன்று காலைவரை நினைத்திருந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் இளங்கோவின் வீடு. எல்லையில் நின்ற சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை. அது முற்றி, கலைமணியின் கணவன் சென்றாயன் ஊரார் முன்னிலையில், பெரியண்ணன் சாமி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டான். 'என் கிணத்துத் தண்ணி ஒரு சொட்டு அவன் ஊட்டுக்குப் போகாது. போக உட்டது யாரா இருந்தாலும் என் ஊட்டுல இடமில்ல!'

கோடையில் இளங்கோவின் கிணறு வற்றியது. அவன் மனைவி ராமாயி நிறைமாத வயிற்றோடு ஓடைக்குக் குடம் தூக்கிப் போனாள். கலைமணிக்குப் பொறுக்கவில்லை. சென்றாயன் மரவள்ளி லோடோடு ராசிபுரம் போன ஒரு நாளில், தோட்டத்து லைனிலிருந்து வேலிக்கு அடியில் ஒரு குழாயைப் புதைத்துத் தண்ணீர் விட்டாள்.

மோட்டார் ஓயாமல் ஓடத் தொடங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. காலையில் அந்த வால்வை இறுக மூடிவிட்டுத்தான் மெக்கானிக்குக்கு போன் செய்தாள்.

மூடிய பிறகும் முள் இறங்குகிறதே! வால்வு பிடிக்கவில்லையா?

"யாரைக் கேட்டு இவரைக் கூப்பிட்ட?"

தூக்கிவாரிப் போட்டது. வண்டியைச் சரியாகக்கூட நிறுத்தாமல் பாய்ந்து வந்தான் சென்றாயன்.

"மோட்டார் புகைஞ்சிருமேன்னுதானுங்க..."

"புகைஞ்சா புகையட்டும். பழைய மோட்டாரு, மாத்திக்கலாம். தம்பி, மழை வர்ற மாதிரி இருக்குது, நீங்க கிளம்புங்க."

"இருங்கண்ணா, கோளாறு மோட்டார்ல இல்லீங்க. இத்தனை தூரம் வந்துட்டு என்னன்னு தெரியாமப் போனா எனக்குச் சோறு எறங்காது."

கதிர்வேல் வீட்டுக்குப் போகும் வால்வை அடைத்தான். முள் இறங்கியது. அதைத் திறந்துவிட்டு, தோட்டத்துக்குப் போகும் வால்வை அடைத்தான்.

முள் ஆணி அடித்தாற்போல் நின்றது.

"புடிச்சாச்சு! தோட்டத்து லைன்லதான் போகுது. ஒரு கடப்பாரை குடுங்க, வேலியோரமா தோண்டிப் பாத்துரலாம்."

"வேண்டாம்!"

கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

கதிர்வேல் சிரித்தான். "என்னுங்க, புதையல் கிதையல் வெச்சிருக்கீங்களா?"

"மிளகு வேரு அறுந்துரும்" என்றாள் கலைமணி அவசரமாக.

"ஆமா... வேரு" என்றான் சென்றாயன். அந்தக் குளிர்காற்றிலும் அவன் நெற்றி வியர்த்திருந்தது. கோபம் தலைக்கேறினால் அவனுக்கு அப்படித்தான்.

"வேருக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கறேனுங்க." கதிர்வேல் சுவரில் சாய்த்திருந்த கடப்பாரையைத் தானே எடுத்துக்கொண்டான். வேலியோரம் ஈரமாக இருந்த இடமாகப் பார்த்து நின்றான். ஓங்கினான்.

கலைமணி கண்களை இறுக மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது. இன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் அம்மா வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அப்போது வேலி ஆடியது.

தலை முழுக்க ஷாம்பு நுரையோடு, எரிச்சலில் கண்ணைத் திறக்க முடியாமல், எதிரே யார் யார் நிற்கிறார்கள் என்றும் தெரியாமல், வேலியைத் தடவிப் பிடித்துக்கொண்டு நின்றாள் ராமாயி.

"அக்கா! அக்கோவ்! காலையில இருந்து நீங்க உட்ட குழாய்ல தண்ணி வரலையேன்னு, உங்க ஊட்டுக்காரரு உங்களுக்குத் தெரியாமப் போட்டுக் குடுத்த குழாய்லதான் தலைக்கு ஊத்திட்டிருந்தேன். இப்ப அதுவும் நின்னு போச்சுங்களே!"