டிரஸ்ஸிங் ரூம் சண்டை

"டாக்டர், எனக்கு அந்த நர்ஸ் வேணாம். வேற ஆளைப் போடுங்க!"

பஸ் டிரைவர் கொதித்துக்கொண்டிருந்தார். கணுக்காலில் பட்ட காயம் மூன்று மாதமாக ஆறவில்லை. மாத்திரையை அட்டை அட்டையாக முழுங்கியும் பிரயோஜனமில்லை.

"என்ன பண்ணாங்க?"

"வாய் டாக்டர், வாய்! புண்ணைச் சுரண்ட ஆரம்பிச்சா என் டிரைவிங்கையும் சேர்த்துச் சுரண்டுறாங்க."

"சுரண்டித்தான் ஆகணும். புண் மேல வழவழன்னு ஒரு படலம் இருக்கு. கிருமிங்க கூடிக் கட்டின கோட்டை. மருந்து அதுக்குள்ள சரியா இறங்காது. கொஞ்சம் இறங்கினாலும், அடியில பதுங்கியிருக்கற கிருமி அசையாது. சுரண்டிட்டா, அது மறுபடி கட்டிக்கறதுக்குள்ள மருந்து வேலையைக் காட்டிடும்."

"சுரண்டட்டும். வாயை மூடிக்கிட்டுச் சுரண்டச் சொல்லுங்க!"

டாக்டர் சிரித்தாரே தவிர, நர்ஸை மாற்றவில்லை.

அன்றைக்கும் அவள்தான். மரத்துப்போகிற ஜெல்லைத் தடவிக் காத்திருந்தவள், கருவியைக் கையில் எடுத்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன் சார், ஸ்டாப்பிங்ல ஆளைப் பார்த்தாத்தான் நீங்க வேகமாப் போவீங்களாமே?"

"யாரு, நானா? இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தரை விட்டுட்டுப் போனதில்ல!"

"நீங்க பிரேக் போட்டா கடைசி சீட்டுக்காரர் உங்க மடியில வந்து உட்காருவாராம்?"

"என் பஸ்ல தூங்கற குழந்தைகூட முழிக்காதும்மா! எவன் சொன்னான்? அவனைக் கூப்பிடுங்க!"

அவர் அடுத்த வார்த்தைக்கு மூச்சு வாங்குவதற்குள் கட்டுப் போட்டு முடித்திருந்தாள்.

வாரத்துக்கு மூன்று நாள் இதே கூத்துதான். அடுத்த முறை என்ன பதில் கொடுப்பது என்று அவர் வீட்டில் மனைவியை எதிரே உட்காரவைத்து ஒத்திகையே பார்த்தார்.

ஆறாவது வாரம். நர்ஸ் கட்டைப் பிரித்தாள். உள்ளே இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல்!

டிரைவர் முஷ்டியை மடக்கிக்கொண்டு தயாரானார். அவளோ பஞ்சால் மெல்ல ஒற்றியெடுத்து, மெல்லிசாக ஒரு கட்டுப் போட்டாள்.

"சூப்பரா ஆறிடுச்சு சார். அடுத்த வாரம் வண்டி எடுக்கலாம்."

அவருக்கு அங்கேயே ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது. ஆனாலும் என்னவோ குறைந்தது.

"என்ன சிஸ்டர், இன்னிக்கு என் டிரைவிங்கைப் பத்தி ஒண்ணுமே சொல்லல?"

"எனக்கு என்ன சார் தெரியும்? என் வீடு அடுத்த தெரு. நான் உங்க பஸ்ல ஏறினதேயில்ல."

"அப்புறம் எதுக்கு அந்தத் திட்டு திட்டினீங்க?"

நர்ஸ் சிரித்தாள்.

"சுரண்டுறப்போ ஒரு தடவையாவது 'வலிக்குது'ன்னு சொன்னீங்களா சார்?"