ஆறே முக்கால் அடி

"ஆறே முக்கா அடி நைனா! கையைத் தூக்கினா வளையத்துல இடிக்குது!"

தோளில் மாட்டிய டிக்கெட் பையைக்கூட இறக்காமல் கண்டக்டர் எத்திராஜ் சொல்லிக்கொண்டிருந்தார். திருப்பதி பஸ் சித்தூர் ஸ்டாண்டில் வந்து நின்றால் போதும், புதுச் சேதி கேட்க அவரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும்.

டைம்கீப்பர் திருவேங்கடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னே? பஸ் கம்பெனியின் கூடைப்பந்து டீமுக்கு எத்திராஜ்தானே கேப்டன்! கேப்டன் பேசுகிற பேச்சா இது?

பொங்கல் பந்தயத்துக்கு இன்னும் பத்தே நாள். திருப்பதியில் ஒரு பாத்திரக்கடைக்காரர் சம்பளம் கொடுத்துப் புதிதாக ஒரு டீம் சேர்த்திருந்தார். எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். இன்னும் ஒரு பந்தயம்கூட ஆடவில்லை. அதற்குள் நோட்டீஸ் என்ன, தெலுங்குப் பேப்பரில் படம் என்ன! 'ராயலசீமைச் சிங்கங்கள்' என்று பட்டம் வேறு.

"இன்னாண்ணா நீ, எதிராளிக்குத் தண்டோரா போட்டுக்கினு கீற?"

"பார்த்ததைச் சொல்றேம்பா. பெங்களூர் கோச் வந்து கத்துக் குடுக்கறாரு. ராட்சசனுங்க!"

"ஒரு மேட்ச் ஆடல, அதுக்குள்ள ராட்சசனா? பேப்பர்ல போட்டா புளியங்கொட்டைகூட முத்துதான்."

கூட்டம் சிரித்தது. எத்திராஜ் சிரிக்கவில்லை.

டீமில் ஏழு பேர். ஏழு பேரும் பந்து ஆடித்தான் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இப்போது எல்லாருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. வருகிற ஏப்ரலில் ஆந்திர எல்லை மாறுகிறது. திருத்தணி மெட்ராசோடு போகிறது. கம்பெனிக்கு இரண்டு ரூட் அடிபடும் என்று பேச்சு.

முதலாளி ஏழு பேரையும் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"எப்படியும் ஆளைக் குறைக்கணும். பந்தயத்துல என் மானத்தை வாங்கினீங்க, டீமும் கிடையாது, உத்தியோகமும் கிடையாது."

முதலாளி மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மறுநாள் ஊர் என்ன பேசுகிறது என்பதுதான் அவருக்குப் பந்தயம்.

ஏழு வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். இந்த நேரத்தில் கேப்டனே தொடை நடுங்கினால்?

ஞாயிற்றுக்கிழமை திருவேங்கடம் திருப்பதிக்கே போனான். வேலியோரம் நின்று சாயந்திரம் வரை அவர்கள் ஆடுவதைப் பார்த்தான். மறுநாள் காலை ஆபீசில், முதலாளி முன்னாலேயே போட்டு உடைத்தான்.

"சிங்கமாம் சிங்கம்! சின்னப் பசங்க முதலாளி. அந்த ஆறே முக்கா அடிக்காரன் பக்கத்துல நின்னு பார்த்துட்டேன். என்னைவிட நாலு விரல்கடை ஒசரம், அவ்ளோதான். பத்துப் பந்து போட்டா மூணு உள்ள போவுது. கோச்சு யாரு தெரியுமா? இஸ்கோல் டிரில் மாஸ்டரு!"

"நிஜமா?"

"ஏழுமலையான் மேல ஆணை."

எத்திராஜின் முகம் வெளுத்துவிட்டது. "அவனுக்கு ஆட்டம் இன்னா தெரியும் முதலாளி? அவன் பேச்சை நம்பாதீங்க…"

"ஏமய்யா எத்திராஜ், சின்னப் பசங்களுக்கா இப்படி நடுங்கற?"

எத்திராஜ் வெளியே போனார்.

திருவேங்கடம் விடவில்லை. டீக்கடை, மண்டி, பஸ் ஸ்டாண்ட் என்று போன இடமெல்லாம் சொன்னான். பொங்கல் வருவதற்குள் சித்தூரில் சிங்கம் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.

பந்தயத்தில் சித்தூர் தோற்றது. முப்பத்தொன்றுக்கு ஐம்பத்திரண்டு.

திருப்பதிப் பிள்ளைகள் ஒன்றும் பிரமாதமாக ஆடிவிடவில்லை. திருவேங்கடம் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் நம்மவர்களால் ஓட முடியவில்லை. முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு எத்திராஜ் கடைசிவரை நொண்டி நொண்டி ஓடினார்.

மறுநாள் டீக்கடையில் ஒரே பேச்சு. "சின்னப் பசங்ககிட்ட தோத்துட்டானுங்களாமே!"

அதே பேச்சு முதலாளி காதுக்கும் போயிற்று.

"சின்னப் பசங்ககிட்ட தோத்தவனுங்களை வெச்சுக்கினு நான் எப்படி வெளிய தலை காட்டறது? திருவேங்கடம், டூட்டி சார்ட்டுல அந்த ஏழு பேரையும் அடிச்சுடு."

சார்ட் எழுதுவது டைம்கீப்பர் வேலை. ஏழு பெயரையும் அவன்தான் அடித்தான். முதல் பெயர் எத்திராஜ். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

டிக்கெட் பையை ஒப்படைக்க வந்த எத்திராஜிடம் அதைக் கொட்டினான்.

"எல்லாம் உன்னாலதாண்ணா! ஆடறதுக்கு முன்னாடியே அவனுங்களைத் தூக்கித் தூக்கிப் பேசி நம்ம ஆளுங்களைப் பயமுறுத்திட்ட. ஏழு குடும்பம் தெருவுல நிக்குது!"

எத்திராஜ் பையை மேஜைமேல் வைத்தார். பஞ்ச் மிஷினையும் விசிலையும் பக்கத்தில் வைத்தார்.

"நம்ம பசங்களுக்கு எல்லாம் தெரியும்பா. இந்த முட்டியை வெச்சுக்கினு யார்கிட்ட ஆடினாலும் தோத்துடுவோம்னு தீவாளிக்கே தெரியும். அந்தப் பேப்பர்காரர்கிட்ட நடையா நடந்து படம் போட வெச்சது நான்தான். சிங்கம்னு பேர் வெச்சதும் நான்தான்."

திருவேங்கடம் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தான்.

"சிங்கத்துக்கிட்ட தோத்தா முதலாளிக்கு மானக்கேடு இல்ல, ஏழு பேரு வேலையும் நிக்கும்னு நினைச்சேன்" என்றார் எத்திராஜ். "அதுக்குத்தாம்பா அந்தப் பையனை ஆறே முக்கா அடி ஆக்கினேன். நீ போய் அளந்துட்டு வந்துட்டியே."