ஆட வைத்த ஆல்பம்

சேலத்து ராக் பாடகன் அறிவழகன், கத்திப் பாடுவதை விட்டுவிட்டு, அந்தக்கால அமெரிக்க நடனப் பாட்டுகளான ஸ்விங்கையும் ஜம்ப் ப்ளூஸையும் பாடி ஓர் ஆல்பம் வெளியிட்டான். பழைய ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். பத்தாம் நாள் மோகனூரிலிருந்து பாவாயி என்ற அம்மாள் போன் செய்தார்.

“ஏனுங்க, உங்க பழைய பாட்டைத்தான் தினமும் ஸ்பீக்கர்ல போடுவேன். போன வாரம் மக இந்தப் புதுசை பென்டிரைவ்ல ஏத்திக் குடுத்தாளுங்க.”

“எப்படி இருக்குங்க?”

“கூட்டமா வந்து ஆடுதுங்க. நிறுத்தினாலும் போக மாட்டேங்குது.”

அறிவழகனுக்குக் கண் கலங்கியது. “ரொம்ப நன்றிங்க.”

“நன்றி எதுக்குங்க? பழைய பாட்டுக்கு ஒரு மயில்கூட என் சோளக்காட்டை எட்டிப் பாக்காது. இப்பப் பாதிக் காடு காலிங்க.”

அவன் மெல்லக் கேட்டான்.

“எந்தப் பாட்டுக்கு ரொம்ப ஆடுதுங்க?”

“மூணாவதுக்குங்க. அது ஓடுறப்ப சோளத்தைக்கூடத் தொடறதில்லீங்க.”

“அப்ப அதையே திரும்பத் திரும்பப் போடுங்க.”

இரண்டு வாரம் கழித்துப் பாவாயி மறுபடி அழைத்தார்.

“சோளம் தப்பிச்சுருச்சுங்க. ஆனா அறுக்க வந்த ஆளுங்க, அருவாளைக் கீழ போட்டுட்டு ஆடிக்கிட்டு இருக்கறாங்க.”