கொசு கடிக்கும் வீடு

“எனக்கு இந்த வீடு வேணாம்ப்பா,” என்று வக்கீல் நீட்டிய பத்திரத்தைத் தள்ளிவைத்தாள் இங்ரிட்.

“மூணு வருஷமா இதே பாட்டு!” எரிந்து விழுந்தார் அப்பா ஆர்விட். “கூரை ஒழுகுதுன்னே, மாத்தியாச்சு. விஸ்கான்சின்ல ஏரிக்கரை வீடு சும்மா வந்தா எவடி வேணாம்பா?”

“மகாராணியைக் கொசு கடிச்சிடுமாம்,” என்றாள் அம்மா லோர்னா.

வக்கீல் இருமினார். “வீடு சார் பேர்ல இருந்தாலும், மேடமும் சம்மதிச்சா ஆளுக்குப் பாதி குடுத்ததா வரிக்குக் காட்டலாம், தானத்துக்கான வரி குறையும். ஆனா குடுக்கற அன்னிக்கு நீங்க புருஷன் பொண்டாட்டியா இருக்கணும்.”

“தெரியும். அதான் இருக்கோமே,” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

சொல்லக் காரணம் எதுவும் மிச்சமில்லாமல் இங்ரிட் பத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

உடனே அம்மா தன் பையிலிருந்து ஓரம் மடங்கிய பழைய காகிதக்கட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “அப்ப இதையும் இன்னிக்கே கோர்ட்ல போட்டுடுங்க.”

விவாகரத்து மனு.

அப்பா அவசரமாகப் பேனாவைத் திறந்தார்.

“கூரை, கொசுன்னு நானும் எத்தனை வருஷம்தான் சொல்லுவேன்?” என்றாள் இங்ரிட், யாரிடமென்று இல்லாமல்.